நான்காம் வருடத்துப் பாடம்

ரோக்காஸ்பீனா
ஞாயிறு, 9 அக்டோபர் 1983

ஜெரார்டோ,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அப்பா வழக்கம்போல அதைப் பிரிக்காமல் சனிக்கிழமை வரை சவரக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். கடையில் நாலு பேர் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நுரையோடு இருப்பவன் பாதியில் எழுந்து போக முடியாது அல்லவா. அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, உன் கடிதத்தை ஊர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தேன். "இன்னும் இரண்டு பரீட்சை, அப்புறம் ஆய்வேடு" என்ற வரி வந்ததும், "அத இன்னொரு தரம் படி, இங்க பாதிப் பேருக்குக் காது மந்தம்" என்றார்.

ஜூலையில் உன் பட்டமளிப்புக்குச் சிவப்புச் சர்க்கரை பாதாம் கொடுக்க மிட்டாய்க் கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். என் கல்யாணத்துக்கு வெள்ளை பாதாம் எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல செவப்பு, அப்புறம் வெள்ள" என்கிறார். நாலு வருடமாக இதே பதில்தான். எனக்காகக் காத்திருக்கும் பஸ்குவாலே தூரினிலிருந்து எழுதும் கடிதங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது என்பதை இந்த வீட்டில் நான் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். அப்பாவுக்குக் கால் வீங்குகிறது. சாயங்காலம் ஆனால் ஷூவுக்குள் கால் நுழைய மாட்டேன் என்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. வீட்டுப் படி ஏறி வந்தால் பேச ஐந்து நிமிடம் ஆகிறது. கட்டில் ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம், அதனால் பத்து நாளாகக் கீழே கடையில் சவர நாற்காலியைச் சாய்த்துப் போட்டு அதிலேயே தூங்குகிறார்.

நம் ஊர் டாக்டர் லவேல்லோவிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். அந்த மனிதர், "பிசியாலஜில முப்பதுக்கு இருபத்தெட்டா? அவ்ளோ லேசுல குடுக்க மாட்டாங்களே" என்று கேட்டதையும், அப்பா பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கி, மிச்சத்தை வீட்டில் போய்ச் செய்துகொள்ளச் சொன்னதையும் உனக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. "என் பையன் டாக்டராகி வரட்டும். அவனோட மொதல் நோயாளி நான்தான். அதுவரைக்கும் இந்த ஒடம்ப வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்கிறார்.

என்ன கொடுக்கலாம் என்று எழுது. பாரில் இருக்கும் போனுக்குக் கூப்பிடாதே, அங்கே சுவருக்கெல்லாம் காது.

வீத்தா


போலோஞா
17 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தாளை நீ தாராளமாகக் கடையில் படிக்கலாம்.

அப்பாவுக்கு வந்திருப்பது பயப்படக்கூடிய விஷயமே இல்லை. நாற்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவரின் காலில் இரத்தம் மேலே ஏறச் சிரமப்படும். அந்த இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தசை அசைவதில்லை, நீர் கீழே தங்கிவிடுகிறது. ஆகவே அவரை நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டிலில் நேராகப் படுக்கச் சொல். காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திவிடு. ஒரு வாரத்தில் ஷூ சரியாகிவிடும்.

புனிதர்கள் பண்டிகைக்கு என்னால் வர இயலாது. வார்டில் தினமும் காலை எட்டு மணிக்கு இருக்க வேண்டும், பேராசிரியர் வருகைப் பதிவில் மிகவும் கண்டிப்பானவர். அம்மாவின் கல்லறைக்கு என் சார்பில் சாமந்தி வைத்துவிடு. பஸ்குவாலேவை விசாரித்ததாகச் சொல். ஜூலை வெகு தூரத்தில் இல்லை.

அப்பாவுக்கு முத்தங்கள்.

ஜெரார்டோ


ரோக்காஸ்பீனா
ஞாயிறு, 6 நவம்பர் 1983

ஜெரார்டோ,

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீயும் பதிலை என் பெயருக்கு, தனி உறையில் போடு.

உன் வைத்தியத்தைச் செய்தோம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "டாக்டர் உத்தரவு" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு வந்து நேராகப் படுத்து, காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டார். முதல் நாளே மூச்சு முட்டியது. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார். ஐந்தாம் நாள் உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி ஆகிவிட்டது. நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. "அவன் சொன்னத நான்தான் சரியாப் பண்ணல போலிருக்கு, தலகாணி ஒசரம் பத்தல" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

ரொட்டிக் கடையில் லவேல்லோ என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சதுக்கத்தைக் கடக்க நாலு இடத்தில் நிற்பதை அவரே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். "படுத்தா மூச்சு வாங்குதா, உக்காந்தா சரியாகுதா?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். நீ சொன்ன வைத்தியத்தையும் சொல்லிவிட்டேன். அவர் வாங்கின ரொட்டியை மறுபடி மேசைமேல் வைத்தார். "வீத்தா, நாலாம் வருஷம் படிக்கிற பையன்கூட இத எழுத மாட்டான். அவன் எந்த வருஷம்?" என்று கேட்டார்.

அவர் பழைய பகையில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். உனக்கு இருபத்தெட்டு வருகிறது, இருபத்தொன்பது வருகிறது. அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று மூன்றாம் வருடம் வரைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். மண்டையோட்டில் எத்தனை ஓட்டை என்று எனக்கே தெரியும். அதற்கப்புறம் வெறும் மார்க்தான் இருக்கிறது, பாடம் இல்லை.

நீ எந்தப் பரீட்சை பாக்கி வைத்திருக்கிறாய்? பெயரை எழுது.

வீத்தா


போலோஞா
12 நவம்பர் 1983

அக்கா,

பிசியாலஜி.

மூன்றாம் வருடத்துப் பரீட்சை. அதிலிருந்து நான் எழுதிய எந்த மார்க்கும் உண்மை இல்லை.

1981 ஜூனில் அந்தப் பரீட்சைக்குப் போனேன். உனக்குத் தெரியும், இங்கே எல்லாம் வாய்மொழித் தேர்வு, கதவு திறந்திருக்கும், பின் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். நன்றாகத்தான் பதில் சொன்னேன். சிறுநீரகத்தில் தடுமாறினேன். பேராசிரியர் பேனாவைத் திறந்து, "முப்பதுக்கு இருபத்துமூணு. ஏத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அது சம்பிரதாயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வந்து கூடுதலாக வாங்க மாணவனுக்கு உரிமை உண்டு. கடையில் அப்பா, என் பையன் இருபத்தேழுக்குக் கீழே வாங்கியதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்றை நீ சத்தமாகப் படிப்பாயே, நுரைக்குள்ளிருந்து எல்லோரும் கேட்பார்களே என்று நினைத்தேன். "மன்னிக்கணும், வேண்டாம்" என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு இருபத்தெட்டு என்று எழுதினேன். செப்டம்பரில் உண்மையாகவே வாங்கிவிடுவேன், பொய் பொய்யாக இருக்கப் போவது மூன்று மாதம்தானே என்று கணக்குப் போட்டேன்.

செப்டம்பரில் போய் உட்கார்ந்ததும் வாய் திறக்கவில்லை. பிப்ரவரியிலும் அப்படியே. அடுத்த ஜூனில் பெயரைக் கூப்பிட்டபோது நான் பின் பெஞ்சில் இருந்தேன், எழுந்திருக்கவில்லை. வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பில் ஒரு பூட்டு இருக்கிறது அக்கா. பிசியாலஜி முடிக்காமல் பேத்தாலஜிக்குப் போக முடியாது, பேத்தாலஜி முடிக்காமல் வார்டுக்குப் போக முடியாது. முதல் மூன்று வருடம் நல்ல உடம்பைத்தான் சொல்லித்தருகிறார்கள். நோய் நான்காம் வருடத்தில்தான் வருகிறது. நான் ஐந்து வருடமாக நல்ல உடம்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் காலுக்கு நான் எழுதியது, சுகமாக இருப்பவனின் காலில் இரத்தம் எப்படி மேலே ஏறும் என்பது. எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான். நாற்காலியில் தூங்குகிறார் என்று நீ எழுதியதை நான் ஒரு குறையாகப் படித்தேன், நோயாகப் படிக்கத் தெரியவில்லை.

தினமும் வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஏழரைக்குக் கிளம்புகிறேன், வீட்டுக்கார அம்மாள் பார்க்க வேண்டும் என்பதற்காக. பிறகு நூலகம், இல்லாவிட்டால் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை. பரீட்சை நாட்களில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து மற்றவர்கள் பதில் சொல்வதைக் கேட்கிறேன். எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கும் வரைதான் தெரியும்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். "டாக்டர் என்ற முறையில் சொல்கிறேன், உடனே லவேல்லோவிடம் போங்கள்" என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டு. கடைசியாக ஒரு முறை இந்தப் பொய் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகட்டும்.

ஜெரார்டோ


ரோக்காஸ்பீனா
ஞாயிறு, 20 நவம்பர் 1983

உன் தாளைப் படித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். "என் பையன் என்னய லவேல்லோகிட்ட அனுப்புவானா? நீ அழுது அழுது எழுத வச்சிருப்ப" என்றார். பிறகு என்னைத் தேற்றினார். "எட்டு மாசம்தான. தாங்கிக்குவேன்."

கேட்டாயா ஜெரார்டோ. அவர் உனக்காக ஜூலை வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜூலையில் ஒன்றும் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

மூன்று நாள் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் துண்டை உதறும்போதே மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னால் முடியவில்லை. கடையில் யாரும் இல்லாத நேரம் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டேன். மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் பொய், அவன் சொன்ன வைத்தியத்தில்தான் உங்கள் உதடு நீலம் பாரித்தது என்று சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே சொன்னார்: "நர்ஸ் படிப்புக்கு உன்ன அனுப்பலன்னு உனக்கு வயித்தெரிச்சல். பதிமூணு வருஷமா அத மனசுல வச்சிருந்து இன்னிக்குக் கக்குற. போ, போய் வேலையப் பாரு."

எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ மண்டையோட்டைப் பற்றி எழுதியதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தது அதனால்தான். உன் கோட்டுக்கு இரண்டு முறை கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அனுப்பியவள் நான். உன் இருபத்துமூன்றை நான் சத்தமாகப் படிக்க மாட்டேன் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? இருபத்தெட்டு என்று நானே மாற்றிப் படித்திருப்பேனே. ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருந்தால் போதும்.

பஸ்குவாலே ஈஸ்டர் வரைக்கும்தான் காத்திருப்பானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது நான் சொன்னால் பொறாமை, லவேல்லோ சொன்னால் பகை. நீ சொன்னால்தான் உண்டு. அப்பா பெயருக்கு எழுது, உன் கையால் எழுது. நான் படித்துக் காட்ட மாட்டேன். அவரே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். பேராசிரியர்கள் மார்க் எழுதிக் கையெழுத்துப் போடும் அந்த மார்க் புத்தகத்தையும் அதோடு அனுப்பு. எழுத்தை நம்பாவிட்டாலும் வெறும் பக்கத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

சீக்கிரம் அனுப்பு. நான் மிகைப்படுத்தவில்லை.

வீத்தா


போலோஞா
26 நவம்பர் 1983

அக்கா,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். முதலில் எழுதியதில் பேராசிரியரைக் குறை சொல்லியிருந்தேன். அடுத்ததில் என் உடம்பு சரியில்லை என்று ஒரு புதுப் பொய் வந்துவிட்டது, எனக்கே தெரியாமல் கை எழுதியது. இன்று அனுப்பியதில் ஏழு வரிதான் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, ஆறாம் வருடத்தில் இல்லை, அக்கா சொன்னது உண்மை, தலையணை வைக்கச் சொன்னது தப்பு, உங்களுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் போங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

மார்க் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் வைத்தேன். அனாட்டமியின் இருபத்தேழுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. தபால் ஊழியர் முத்திரை குத்தி அதைச் சாக்கில் போட்டபோது, திருப்பித் தாருங்கள் என்று கேட்க வாய் வந்தது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊருக்கு ரயில் ஏறலாம் என்று இரண்டு முறை நிலையம் வரை போனேன். என்னைப் பார்த்ததும் அப்பா மறுபடி யாரிடமும் போக மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அல்லது என் முகத்தைப் பார்க்க மாட்டாரோ என்று பயம். இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

என்ன நடந்தாலும் எழுது.

ஜெரார்டோ


நேப்பிள்ஸ்
புதன், 14 டிசம்பர் 1983

ஜெரார்டோ,

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பொட்டலம் இரண்டாம் தேதி வந்தது. நான் கையொப்பம் போட்டு வாங்கி அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கடையில் தபால்காரரின் மாமனார் மட்டும் இருந்தார். அப்பா அவருக்குச் சவரத்தை முடித்து, முகத்துக்கு வெந்நீர்த் துணி போட்டு, வழியனுப்பிவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உன் ஏழு வரியை ரொம்ப நேரம் படித்தார். பிறகு மார்க் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். எழுத்து இருக்கும் பக்கத்தையும் திருப்பினார், எழுத்து இல்லாத பக்கத்தையும் அதே நிதானத்தோடு திருப்பினார், ஒன்றைக்கூட விடவில்லை.

எழுந்து கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். தோளில் துண்டு இருந்ததை மறந்துவிட்டார். சதுக்கத்தைக் கடந்து லவேல்லோ வீட்டுக்குப் போனார், ஐந்து இடத்தில் நின்றார். நான் பின்னாலேயே போனேன், என்னைத் தடுக்கவில்லை. கதவைத் திறந்தது லவேல்லோவேதான். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டர், என் வீட்ல டாக்டர் யாரும் இல்ல. நீங்கதான் பாக்கணும்."

அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சாகிற வரைக்கும் அதற்கு நான் நன்றி சொல்வேன். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் காது வைத்துக் கேட்டார். இதயம் தளர்ந்துபோய், நுரையீரலில் நீர் ஏறி நிற்கிறது என்றார். தன் காரிலேயே எங்களை நேப்பிள்ஸுக்கு அழைத்து வந்தார். ஊசியிலும் மாத்திரையிலும் நாலு நாளில் ஒன்பது கிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து இங்கே ஒரு டாக்டர் நிறுத்திக்கொண்டார். இதயம் இனி பழையபடி ஆகாது, ஆனால் பத்தியமாக இருந்தால் ஓடும் என்கிறார்கள். நேற்று ஒரு தலையணையோடு படுத்துத் தூங்கினார்.

உன்னைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. உன் பெயரையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும் திங்கட்கிழமை, "பஸ்குவாலேவுக்கு எழுது, ஈஸ்டருக்குள்ள முடிச்சிடலாம்னு எழுது" என்றார். அவ்வளவுதான், மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது.

இன்று காலை நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தாள் வாங்கினேன். இங்கே காலையில் பேராசிரியர் வரும்போது பின்னால் ஆறேழு மாணவர்கள் வருகிறார்கள், நாலாம் வருடமாம். பேராசிரியர் அப்பாவிடம், உங்கள் இதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது, இவர்கள் கேட்டுப் பழகலாமா என்று அனுமதி கேட்டார். போன மாதம் வரை லவேல்லோவையே தொட விடாதவர், சட்டைப் பொத்தானைத் தானாகக் கழற்றிக் காட்டினார்.

ஒவ்வொருவராக வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டார்கள், தலையாட்டினார்கள். கடைசியாக ஒல்லியாக ஒருவன் வந்தான், கோட்டின் கை அவனுக்கு நீளம். குழாயை வைத்தான், இடம் மாற்றினான், மறுபடி வைத்தான். காது நுனி சிவந்துவிட்டது. பேராசிரியர், "கேக்குதா?" என்றார். மற்றவர்களைப் பார்த்துவிட்டு, "கேக்குது சார்" என்றான்.

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழாய் அவர் நெஞ்சிலேயே இருந்தது. எல்லோரும் பயந்துவிட்டார்கள், நானும் எழுந்துவிட்டேன். அப்பா அவனைத் திட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, எனக்கே சரியாகக் காதில் விழாத குரலில் சொன்னார்:

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுப்பா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அந்தப் பையன் பேராசிரியரை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "கேக்கல" என்றான். அப்பா அவன் கையை விடாமல், பேராசிரியரைப் பார்த்து, இவனுக்கு இன்னொரு தரம் காட்டிக் கொடுங்கள் என்றார். பேராசிரியர் குழாயைச் சரியான இடத்தில் வைத்து, அப்பாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அப்பா அதுவரைக்கும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீத்தா